முன்பணம்

கார்த்திகை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மழை சற்று விட்டிருந்த காலை நேரத்தில் மாயவன் தன் ஒன்றரை ஏக்கர் கொல்லைக்குப் போய் மரவள்ளிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். நேற்று ஒன்று பிடுங்கியிருந்தான். அதற்கு முந்தின நாள் ஒன்று. கிழங்கு கைத் தடிமன் இருந்தது. ஒடித்தால் ஒடித்த இடத்தில் தண்ணீர்தான் கசிந்தது.

பங்குனியில் நட்டது. தை வரைக்கும் மண்ணுக்குள் கிடந்தால்தான் மாவு ஏறும். ஜவ்வரிசி ஆக்கும் சேகோ மில்லில் வெறும் எடை போட்டு வாங்க மாட்டார்கள். கிழங்கில் மாவு எவ்வளவு என்று பாயிண்ட் பார்ப்பார்கள். மழையில் பிடுங்கின கிழங்குக்குப் பாயிண்டும் கிடையாது, விலையும் கிடையாது. வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி வைத்தவன் எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் மாயவன் தினம் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டாம் தேதிக்குள் எழுபத்தி இரண்டாயிரம் ரூபாய் வேண்டியிருந்தது.

பணம் மகள் தேவதர்ஷினிக்கு. அவள் கள்ளக்குறிச்சி அரசு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. வெள்ளிமலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த ஜெராக்ஸ் கடையில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு தட்டிக்கொடுத்து மாதம் நாலாயிரம் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. சென்னையில் மூன்று மாதம், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வகுப்பு. கிளவுட் என்று ஒரு படிப்பு. உலகம் பூராவும் செல்லுகிற பரீட்சை, சான்றிதழ், அப்புறம் வேலை. எண்பத்தைந்தாயிரம் கட்டணம். இருபத்தெட்டாம் தேதிக்குள் கட்டினால் பதிமூன்றாயிரம் தள்ளுபடி.

போன் செய்கிறவள் பெயர் ஜீவா. வாரத்துக்கு மூன்று முறை கூப்பிட்டாள். ஊருக்குள் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூட மேட்டில் நின்றால் இரண்டு கோடு காட்டும். தேவதர்ஷினி குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்று பேசுவதை மாயவன் கொல்லையிலிருந்து பார்ப்பான். என்ன பேசுகிறாள் என்று கேட்காது. தலையை ஆட்டுவது மட்டும் தெரியும். அப்படித் தலையை ஆட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

வடக்கனந்தல் வியாபாரி தெய்வசிகாமணி மழைக்கோட்டோடு வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றரை ஏக்கரையும் பிடுங்காமல் இருந்தபடிக்கே விட்டால் அறுபத்தெட்டாயிரம், கையில் ரொக்கம் என்றார். தை வரை பொறுத்தால் லட்சத்தைத் தாண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அவசரம் யாருக்கு என்பதும் இருவருக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று மாயவன் அனுப்பி வைத்தான்.

அன்று சாயங்காலம் பனிமூட்டம் வாசல் வரைக்கும் இறங்கி வந்திருந்தது. சாமைச் சோற்றுக்கு மொச்சைக் குழம்பு ஊற்றிக்கொண்டே ராஜாம்பாள் பேச்சை எடுத்தாள். அவளுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. இருபது வருடமாக அடுத்தவர் கொல்லையில் களை வெட்டியவள். மகளும் அதையே வெட்டக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கணக்கு.

"கெழங்கு அடுத்த வருசமும் வெளையும்," என்றாள். "இவளுக்கு வயசு திரும்பி வருமா?"

மாயவன் சோற்றைப் பிசைந்தான். மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வேல குடுத்துடுவாங்களாம். நம்ம பாப்பாதான் சொல்லுதே. இன்னும் இன்னா யோசன?"

"வேல குடுக்கறேன்னுதான் பூமாலையும் சொன்னான்," என்றான் மாயவன். "அவனாச்சும் காசு குடுத்துக் கூப்ட்டான். இவங்க நம்மகிட்ட காசு வாங்கிக்கினு கூப்புடறாங்க."

ராஜாம்பாள் குழம்புச் சட்டியை மூடினாள். அந்த வீட்டில் பூமாலையின் பெயரை எடுத்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

பூமாலை ராஜாம்பாளுக்குத் தூரத்து அண்ணன் முறை. தேவதர்ஷினி ஆறாவது படித்தபோது ஒரு நாள் வேனோடு வந்து நின்றான். கட்டட வேலை, நாளுக்கு எண்ணூறு, சாப்பாடு அவர்களுடையது என்று சொல்லி ஆளுக்கு மூவாயிரம் முன்பணம் கொடுத்தான். மாயவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பதினோரு பேர் போனார்கள். ஆந்திராவில் இறங்கிய பிறகுதான் கட்டடம் இல்லை, காடு என்று தெரிந்தது. செம்மரம். மூன்றாம் நாள் பிடிபட்டார்கள். பத்தொன்பது மாதம் சிறை. பாஷை தெரியாத கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான். அவ்வளவுதான் அவனுக்கு அந்த வழக்கைப் பற்றித் தெரிந்தது. வெளியில் வந்த பிறகுதான் ஒரு விஷயம் கேள்விப்பட்டான். பூமாலையும் முந்தின வருடம் அதே மாதிரி வேனில் ஏறிப் போனவன். வாங்கின பணத்தைத் தீர்க்க வழியில்லாமல், ஆளுக்கு இவ்வளவு என்று ஆள் சேர்த்துக்கொடுக்க வந்தவன்.

மறுநாள் காலை மாயவன் மகளைக் கூப்பிட்டு, கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். வகுப்பு சென்னையில் என்றாலும் பேர் சேர்க்கிற ஆபீஸ் கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் இருந்தது. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். மலையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பாதி ரோடுதான் இருந்தது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. கோமுகி அணை தளும்பி நின்றது. கச்சிராயபாளையம் வந்ததும் மகள், அங்க போயி சத்தம் போட்டுடாதப்பா என்று மட்டும் சொன்னாள். அவன் தன் வாழ்நாளில் எந்த ஆபீசிலும் சத்தம் போட்டவன் இல்லை. அவள் பயத்தில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டான்.

ஆபீஸ் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. கண்ணாடிக் கதவு, ஏ.சி. சுவர் முழுக்கக் கோட்டுப் போட்ட பையன்கள், பெண்கள் படம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கம்பெனி பெயர். ஜீவா எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். போனில் கேட்ட குரலுக்கு வயசு கூட இருக்கும் என்று நினைத்திருந்தான். இருபத்து நாலு இருந்தால் அதிகம். சுடிதாருக்கு மேல் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

அவள் ஒரு தாளை வைத்து மளமளவென்று விளக்கினாள். மாயவன் முழுவதையும் கேட்டான். இடையில் அவள், "மேடம் ஏற்கெனவே ரெண்டாயிரம் கட்டி சீட் புடிச்சிட்டாங்க சார், அதக் கழிச்சிக்கிட்டா எழுபதுதான்," என்றாள்.

தேவதர்ஷினியின் முகம் மாறிப்போனது. ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில் கட்டியிருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை. மாயவன் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் ஒரு காலத்தில் சொல்லாமல் வாங்கி மடியில் வைத்தவன்தானே. அவன் ஜீவாவையே பார்த்துக் கேட்டான்.

"இந்தப் படிப்ப நீ படிச்சியாம்மா?"

"படிச்சேன் சார். போன பேட்ச்."

"முடிச்சதும் வேல குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சார்."

"எந்த ஊர்ல?"

ஜீவா மேசைமேலிருந்த காலண்டரை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அப்புறம் பேனாவை மூடினாள்.

"இங்கதான் சார்."

மாயவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தப் பெண்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. பூமாலைமேல்கூட அவனுக்குக் கடைசிவரை முழுசாகக் கோபம் வந்ததில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்தான்.

பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மகள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். ரெண்டாயிரம் பற்றி அவளே ஆரம்பித்தாள். அன்று சீட்டு முடிந்துவிடும் என்று சொன்னதால் கட்டினேன், சொன்னால் திட்டுவாய் என்று பயந்தேன் என்றாள். திட்ட மாட்டேன் என்றான் மாயவன். அவள் கையிலிருந்த டீயைக் காட்டிக் குடிக்கச் சொன்னான்.

அப்போதுதான் ஜீவா வந்தாள். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் இறங்கி இவர்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். மாடியில் சார் என்றவள் இங்கே அப்பா என்றாள்.

"எங்க பேட்ச்ல முப்பத்தொரு பேருப்பா. ஆறு பேருக்குத்தான் கம்பெனி வேல கெடச்சிது. அதுல நாலு பேரு இன்ஜினியரிங், நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க. அவங்க இங்க படிக்காட்டியும் போயிருப்பாங்க. அந்தத் தாள நல்லாப் படிச்சிப் பாருங்க. வேலைக்கு உதவின்னுதான் போட்டிருக்கும். வேல குடுப்போம்னு ஒரு எடத்துலயும் இருக்காது."

"இத எங்ககிட்ட ஏம்மா சொல்ற? உன் பொழப்பு போய்டாதா?"

"போவும். மாசம் நாலு பேர சேக்கணும், இல்லன்னா சம்பளத்துல புடிப்பாங்க. ஆனா வர்றவங்க எல்லாம் எவ்ளோ கம்மி பண்ணுவீங்கன்னுதான் கேப்பாங்க. நீ படிச்சியான்னு என்ன யாரும் கேட்டதில்லப்பா."

அவள் வீடு கருணாபுரம். அப்பா கூலி வேலை. அங்கே கள்ளச்சாராயம் குடித்துக் கூட்டமாகச் செத்தவர்களில் அவரும் ஒருவர். அரசாங்கம் கொடுத்த பணத்தில்தான் அவள் இந்தப் படிப்புக்குக் கட்டினாள். அம்மா இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது ஜீவா அழவில்லை. கடைக்காரரிடம் ஒரு டீ சொல்லிவிட்டுச் சில்லறையைத் தேடினாள்.

"அப்ப ஒண்ணுக்கும் ஒதவாத படிப்பா?" என்றான் மாயவன்.

"அப்டியும் சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு எட்டாயிரத்துச் சொச்சம்தான், அத யாரு வேணா தனியாக் கட்டி எழுதலாம். பாடம் பூரா நெட்டுல சும்மாவே கெடக்குது. ஆனா தினம் எட்டு மணி நேரம் எங்கள ஒரே எடத்துல உக்காத்தி வச்சாங்க பாருங்க, அது வூட்டுல நடக்காது. புரியலன்னா கேக்க ஒரு ஆளு இருந்துச்சி. அதுக்குக் காசுதான். எழுபதாயிரத்துக்கு அது தகுமான்னு எனக்கே இன்னும் தெரியலப்பா."

தேவதர்ஷினி, பத்து மாதமாகப் பள்ளிக்கூட மேட்டில் நின்று அதே பாடங்களை இறக்கிப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மாதிரித் தேர்வு எழுதினால் பாதி மார்க்கு கூட வருவதில்லை. "கேக்கறதுக்கு ஆளே இல்லப்பா. அதுக்காகத்தான் கட்டுனேன்," என்றாள். பத்து மாதமாக அவள் குடையோடு மேட்டில் நிற்பதை அவன் பார்த்திருக்கிறான். ஜீவா கூப்பிடாத நேரத்தில் சினேகிதிகளோடு பேசுகிறாள் என்று நினைத்திருந்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது மாயவன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். கணக்கு எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கட்டாமல் விட்டால், தனக்கு நடந்ததற்கு மகளைப் பலிகொடுத்த மாதிரி. கட்டினால், கண் தெரிந்தே வேனில் ஏற்றிவிட்ட மாதிரி. வீட்டுக்கு வந்து நடந்ததை ராஜாம்பாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, கேட்க ஒரு ஆள்தான் வேண்டுமென்றால் அந்தப் பெண்ணையே கேட்டால் என்ன என்றாள்.

அப்படித்தான் முடிவானது: பணம் கட்டுவதில்லை, ஜீவாவே சொல்லித்தருவாள். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மாயவன் கொல்லைக்குப் போகவில்லை, மேட்டுப் பக்கமும் போகவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சாக்கில் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பொழுது இறங்கியதும் தேவதர்ஷினி, தேதி முடிஞ்சிதுப்பா என்றாள். ரெண்டாயிரம் திரும்பி வரவில்லை.

மார்கழியில் அவள் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். கருணாபுரத்தில் ஜீவா வீட்டில் ஒரு மூலை, சாப்பாட்டோடு மாதம் மூவாயிரம். பகலில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. சாயங்காலம் ஜீவாவோடு படிப்பு. எல்லாம் சொன்னது போல நடக்கவில்லை. ஜீவாவுக்குப் பாதி மறந்துபோயிருந்தது. மாதக் கடைசியில் ஆள் பிடிக்க வேண்டிய நாட்களில் அவள் புத்தகத்தைத் தொட மாட்டாள். இரண்டு முறை சண்டை வந்து பேசாமல் இருந்தார்கள். பொங்கலுக்குள் ஜீவா அந்த வேலையை விட்டு ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் படிப்பு ஒழுங்காக நடந்தது.

தையில் மழையில்லாத பத்து நாள் பார்த்து மாயவன் கிழங்கு பிடுங்கினான். ஆறு ஆள் பிடித்து, ராஜாம்பாளும் கூடவே நின்று மண் தட்டி லாரி ஏற்றினார்கள். பாயிண்ட் இருபத்தாறு வந்தது, நல்ல மாவு. கூலி, லாரி போக ஒரு லட்சத்து ஐயாயிரம் கைக்கு வந்தது. ராஜாம்பாள் அதை வங்கியில் போடச் சொன்னாள். மாயவன் போட்டுவிட்டு வந்தான். எட்டாயிரத்துச் சொச்சத்தை மட்டும் எடுத்து மகளிடம் கொடுத்தான்.

மாசியில் அவள் சேலம் போய்ப் பரீட்சை எழுதினாள். ஆயிரத்துக்கு எழுநூறு எடுத்தால் பாஸ். அறுநூற்று அறுபத்தெட்டு.

மார்க்கைப் போனில் சொல்லவில்லை, வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நிறுத்தத்தில் காத்திருந்த மாயவன் அவள் பையை வாங்கிக்கொண்டான். முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊர் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் நடை. வெயில் காய்ந்தது. பாதி தூரம் வந்த பிறகு, மூன்று மாதமாக உள்ளுக்குள் கிடந்த கேள்வியை அவன் கேட்டான்.

"அன்னிக்கி அந்தப் பணத்தக் கட்டியிருந்தா பாஸ் ஆயிருப்பியா பாப்பா?"

இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"தெரியலப்பா," என்றாள்.

மாயவன் பையை அடுத்த தோளுக்கு மாற்றினான். "இப்ப பணம் இருக்குது. வேணும்னா சொல்லு. நாளைக்கே எடுத்துக்கினு வரேன்."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நின்றுவிட்டாள். அந்த நிறுவனத்திலிருந்து இப்போது வேறொரு பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பங்குனியில் புது பேட்ச், மறுபடி தள்ளுபடி. நேற்று ராத்திரி கருணாபுரத்தில் படுத்திருந்தபோது அதற்குச் சரி சொல்லலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருந்தது.

பிறகு அவள் பரீட்சைத் தாளை எடுத்துக் காட்டினாள். நாலு பகுதி. மூன்றில் தேறியிருந்தாள். ஒன்றில் மட்டும் கீழே போயிருந்தது; ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்கிற பகுதி. ஜீவாவுக்கும் அதுதான் தெரியாது. ஆத்தூரில் ஒரு சார் அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தருகிறார், ஐந்து வாரத்துக்கு நாலாயிரம் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"அந்த எழுபதாயிரத்துப் படிப்புல எனக்குத் தெரியாதது இது ஒண்ணுதான்ப்பா. இத மட்டும் வாங்கிப் பாக்கறேன். மறுபடி போச்சின்னா அப்ப பேசிக்கலாம்."

மாயவனுக்கு அந்தத் தாளில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிழங்கைப் பிடுங்கி ஒடித்துப் பார்க்கிறவன் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஐந்து ஞாயிறும் அவள் ஆத்தூருக்குப் போய்வந்தாள். சித்திரையில் அவள் அதே பரீட்சையை இரண்டாம் முறை எழுதப் போனபோது மாயவனும் சேலத்துக்குக் கூடப் போனான். ராஜாம்பாள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு பையில் இருந்தது. மகள் உள்ளே போனதும் வாசற்படியில் உட்கார்ந்தான். காவலாளி எழுந்திருக்கச் சொன்னபோது எதிர்ச்சாரியில் ஒரு வேப்பமரத்தடிக்கு மாறினான். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவன் படியிலேயே நின்று யாருக்கோ போன் செய்து சிரித்தான். ஒரு பெண் யாரையும் பார்க்காமல் ஆட்டோ ஏறிப் போனாள். கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருந்த நாட்கள் அவன் மனதில் வந்தன. எழுந்து நடந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

அவளுக்கு வேலை கிடைக்க ஆவணி ஆனது. சென்னையில் ஒரு சின்ன கம்பெனி, பதினெட்டாயிரம் சம்பளம். அதற்கு முன் பதினான்கு இடத்தில் இல்லை என்றார்கள். சான்றிதழ் இருந்ததால்தான் உள்ளே கூப்பிட்டார்கள் என்று ஒரு சமயம் சொல்வாள். கூப்பிட்ட பிறகு அதை யாரும் பார்க்கவே இல்லை என்று இன்னொரு சமயம் சொல்வாள். அதெல்லாம் பிறகு நடந்தது. சேலத்து வெயிலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு எதுவும் தெரியாது.

அவள் கடைசியில் வந்தாள். ரோட்டைக் கடக்க வெகுநேரம் நின்றாள், வண்டிகள் விடவில்லை. கிட்டே வந்ததும், "பாஸ்ப்பா," என்றாள். எழுநூற்று நாற்பத்தொன்று.

மாயவன் மகளின் தலையில் கையை வைத்து எடுத்தான்.

"இனிமே இன்னா செய்யணும்?" என்றான்.

"வேல தேடணும்."

"அதுக்கு எவ்ளோ கட்டணும்?"

"கட்டக் கூடாதுப்பா," என்றாள் தேவதர்ஷினி. "வேலைக்கு முன்னாடியே எவனாச்சும் காசு கேட்டாலும் குடுத்தாலும் அது வேலையே இல்ல."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது மாதம் கொடுத்து அவன் தெரிந்துகொண்டதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய தாரைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டினான். காலையிலிருந்து இரண்டு பேரும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. பையைத் திறந்து புளிச்சோற்றை எடுத்தான்.